டூட்டிக்குப் போகிற மகள்

1

செவ்வாய்க்கிழமை தபாலில் ஒரு படிவம் வந்தது. எட்டுப் பக்கம், நாற்பத்தொரு கேள்விகள். கனடாவின் இந்த வின்ட்சர் நகரத்துக்கு நான் வந்து மூன்று வருஷம் ஆகிறது. இதுவரை பதினாறு படிவங்கள் நிரப்பியிருக்கிறேன், இது பதினேழாவது. நாற்பது கேள்விகளுக்கு ஒரு மணி நேரத்தில் பதில் எழுதிவிட்டேன். பத்தொன்பதாவது கேள்வியில் பேனா நின்றுவிட்டது. உங்களை இங்கே வரவழைத்த உறவினரின் தொழில் என்ன?

என்னை வரவழைத்தவள் என் ஒரே மகள் தனலட்சுமி. தனா என்று கூப்பிடுவோம். பதினொரு மாதத்துக்கு முன்புவரை அவள் பந்து உருட்டிக் கட்டைகளைச் சாய்க்கும் பௌலிங் விளையாட்டில் தொழில்முறை ஆட்டக்காரி. இப்போது ஒரு வங்கியில் கவுண்டரில் உட்காருகிறாள். வங்கி ஊழியர் என்று எழுதினால் எந்த அதிகாரியும் மறு கேள்வி கேட்கமாட்டான். ஆனாலும் அந்த இரண்டு சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் வங்கிக்குப் போனதில் என் பங்கு என்ன என்று எனக்குத் தெரியும்.

இந்தக் கேள்வி எனக்குப் புதிதும் அல்ல. மூன்று வருஷத்துக்கு முன் சென்னையில் விசா மனுக்களை வாங்கும் இடத்தில், மகளின் தொழில் என்ற கட்டத்தில் பௌலர் என்று எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த இளைஞன் நிமிர்ந்து பார்த்தான்.

"லேடீஸ் கிரிக்கெட்டா சார்? ஃபாஸ்ட்டா, ஸ்பின்னா?"

எனக்குப் பின்னால் முப்பத்திரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். விளக்கிச் சொன்னால் மனு தள்ளிப்போகுமோ என்று பயம்.

"பந்து கொஞ்சம் திரும்பும் தம்பி," என்றேன்.

"அப்ப ஸ்பின்," என்று முத்திரை குத்தினான்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு இந்த விளையாட்டைச் சொல்லவேண்டும். வழவழப்பான பலகைத் தளம், அறுபது அடி நீளம். மறுமுனையில் முக்கோணமாகப் பத்துக் கட்டைகள் நிற்கும். ஏழு கிலோ வரை எடையுள்ள பந்தில் மூன்று துளைகள். அவற்றில் விரல் விட்டுத் தூக்கி உருட்ட வேண்டும். ஓர் ஆட்டத்துக்குப் பத்துக் கட்டங்கள், கட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு. முதல் உருட்டலிலேயே பத்தும் விழுந்தால் அதற்கு ஸ்ட்ரைக் என்று பெயர். ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஸ்ட்ரைக்காகவே போட்டால் முந்நூறு புள்ளி. அதற்கு மேல் எண் கிடையாது.

என் மருமகன் குமரேசன் எண்ணூரில் லாரி செய்யும் தொழிற்சாலையில் இருந்தவன். தொண்ணூற்றேழில் வின்ட்சரில் கார் தொழிற்சாலைக்கு வந்தான். இங்கே மோட்டார் தொழிலாளிகள் வாரம் ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் அணி அணியாகப் பந்து உருட்டப் போவார்கள். ஒரு பனிக்கால வியாழக்கிழமை அவன் அணியில் ஓர் ஆள் வரவில்லை. வீட்டில் சும்மா இருந்த தனாவை அழைத்துக்கொண்டு போனான். முதல் ஏழு பந்தும் ஓரத்துக் கால்வாயில் விழுந்தனவாம். எட்டாவது பந்துக்குப் பத்தும் சாய்ந்தன. மூன்றாவது மாதம் அந்த அணியில் அவளுக்குத்தான் அதிக எண்ணிக்கை. இரண்டாயிரத்தில், தொழில்முறை ஆட்டக்காரிகளுக்கான அட்டை வாங்கிவிட்டாள்.

இவ்வளவு சீராகக் கை வீசுகிறாயே, எங்கே பழகினாய் என்று பயிற்சியாளர் கேட்டாராம். சென்னைக் காலடிப்பேட்டையில் எங்கள் வீடு இரண்டாம் மாடி. தண்ணீர் லாரி தெருமுனையில் நிற்கும். பதின்மூன்று வயதிலிருந்து தினமும் காலையில் பன்னிரண்டு வாளி, முப்பத்தாறு படி, ஒரு சொட்டு சிந்தாமல் ஏற்றியவள் அவள். இதை ஆங்கிலத்தில் சொல்ல அவளுக்குப் பொறுமை இல்லை. "பிறவியிலேயே அப்படித்தான்" என்று சொல்லிவிட்டாளாம். எண்ணிக்கைப் பலகையில் அவள் பெயரும் டானா என்றுதான் எரியும். அவளைத் தேடிப் போன் செய்கிறவர்களிடம் நான் இரண்டு முறை தனா என்று சொல்லிப் பார்த்தேன். இங்கே அதைத் திருத்த யாருக்கும் நேரமில்லை.

நான் இங்கு வந்த முதல் மாதம் ராயபுரத்திலிருக்கும் என் சிநேகிதன் காசிக்குப் போன் போட்டேன். நான் துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருஷம் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுகிற வேலை. காசி கிரேன் ஓட்டியவன். அவன் இறக்குவான், நான் எண்ணுவேன்.

"தனா நேத்து ஒம்போது ஸ்ட்ரைக்டா," என்றேன் பெருமையாக.

காசி குரலைத் தாழ்த்தினான்.

"இன்னா மாமு சொல்றே? ஒரே நாள்ல ஒம்போதா? போன எடத்துல யூனியன் வச்சிகினாளா? வேல பூடப்போவுது, அடக்கி வாசிக்கச் சொல்லு."

போன் கார்டில் பதினொரு நிமிஷம் இதை விளக்கவே போயிற்று. எல்லாம் கேட்டுவிட்டுக் காசி சொன்னான்: "அப்போ நிக்கிறத சாய்க்கிறதுக்குத் துட்டு தர்றான். நம்ப ஊர்ல நிக்கிறதே பேஜாரா கீது."

3

டூட்டி என்ற சொல்லை வீட்டில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.

திருவொற்றியூர்ப் பக்கம் யாரும் வேலைக்குப் போகிறேன் என்று சொல்வது குறைவு. டூட்டிக்குப் போகிறேன் என்பார்கள். காலையில் சங்கு ஊதும். சைக்கிளில் சாப்பாட்டுத் தூக்கு ஆடும். "இன்னாண்ணே, டூட்டியா?" "ஆமாப்பா, ஃபர்ஸ்ட் ஷிப்ட்." பெண் கொடுப்பவர்களும் வீடு வாடகைக்கு விடுபவர்களும் முதலில் அதைத்தான் விசாரிப்பார்கள். டூட்டி உள்ளவன் என்றால் ஒன்றாம் தேதி சம்பளமும், பின்னால் பென்ஷனும், தெருவில் ஒரு மரியாதையும் உள்ளவன்.

தனா ஆடப்போகிறாள் என்ற செய்தி காலடிப்பேட்டைக்கு எட்டியபோது அது வேறு மாதிரியாகத்தான் எட்டியது. என் பக்கத்து வீட்டு அம்மாள் படிக்கட்டில் வைத்தே கேட்டாள்: "இன்னா சார், உம் பொண்ணு அங்க ஆடிகினு கீறாளாமே? கட்டினவன் ஒண்ணியும் கேக்க மாட்டானா?" ஆட்டம் என்ற சொல்லைப் பெண்ணோடு சேர்த்தால் எங்கள் தெருவில் அது எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து ஒரு விதி வைத்தேன். என் மகள் ஆடப்போகவில்லை, டூட்டிக்குப் போகிறாள். யார் கேட்டாலும் அப்படியே சொன்னேன். இங்கே வந்த பிறகும் வாய் அப்படியே பழகிவிட்டது. அவள் பையைத் தூக்கினால், "டூட்டியா?" என்பேன். "ஆமா நைனா," என்பாள்.

என் பேத்தி நிலாவுக்கு ஏழு வயது. நான் டூட்டி என்றாலே வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அந்த ஓசைக்கு இங்கே குழந்தைகளிடம் வெளிக்குப் போவது என்று அர்த்தமாம். "தாத்தா, என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி அதைச் சொல்லாதீங்க," என்று கேட்டுக்கொண்டாள். முழுதாக அவள் பேசிய தமிழ் வாக்கியம் அந்த வாரத்தில் அது ஒன்றுதான். அதனால் எனக்கு வருத்தத்தைவிடச் சந்தோஷமே அதிகம். அந்தச் சொல் பிள்ளைகளிடம் மட்டுமல்ல, பெரியவர்களிடமும் வேறு ஏதாவது ஆகக்கூடும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

4

தெருவுக்கு டூட்டி என்று சொன்னேனே தவிர, உள்ளுக்குள் அதை நான் நம்பவில்லை. நிரந்தரச் சம்பளம் இல்லை. பென்ஷன் இல்லை. ஒரு கட்டை ஆடிவிட்டு விழாமல் நின்றால் அந்த வாரம் போயிற்று. கட்டைவிரல் வீங்கிக்கொண்டு வருவாள். மாதத்தில் ஒன்பது நாள் வீட்டில் இருக்கமாட்டாள். விட்டுவிடம்மா என்று நான் சொன்னது, குறித்து வைத்த கணக்கில், நாற்பத்தாறு முறை. வங்கியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அந்த விண்ணப்பத்தையும் நானே வாங்கி வந்தேன்.

பிறகு, பெண்களுக்கென்று நடந்துகொண்டிருந்த பெரிய தொடரே பணமில்லாமல் நின்றுபோகிற நிலைக்கு வந்தது. குமரேசனின் தொழிற்சாலையில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள். வீட்டில் பெரியவர்கள் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையிலேயே செலவைக் கணக்குப் பார்க்கப் பழகினோம். அப்போதுதான் ஆற்றுக்கு அந்தப் பக்கம், அமெரிக்காவில், டெட்ராய்ட்டுக்கு அப்பால் ஒரு போட்டி வந்தது. அறுபத்துநான்கு பெண்கள், காலையிலிருந்து ஆறு ஆட்டம். முதல் பதினாறு பேருக்குள் வந்தால் சாயங்காலச் சுற்று. அந்தப் பதினாறு பேரையும் பந்து செய்யும் கம்பெனி ஒன்று அடுத்த வருஷத்துக்குத் தன் ஆளாக எடுத்துக்கொள்ளும். பந்தும் பயணமும் அவர்கள் பொறுப்பு.

தனா சொன்னாள்: "பதினாறுக்குள்ள வந்தா இத வுட மாட்டேன். வர்லன்னா திங்கக்கெழமையே பேங்க்ல கையெழுத்து போடறேன். எது ஆனாலும் அதுக்கப்பறம் நீ வாயத் தொறக்கக் கூடாது நைனா."

"சரிம்மா," என்றேன்.

"நீயும் வா. ரெண்டு வருசமா திட்டிகினு கீறே, ஒரு தபாவாவது பார்த்துட்டுத் திட்டு."

அந்தச் சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் காசி கூப்பிட்டான். ராயபுரத்தில் அப்போது பிற்பகல் மூன்றரை. "பந்து உருட்டறத பாக்கவா அம்மாந்தூரம் போறே?" என்று சீண்டினான். "உருட்டறது இல்லடா, அது அவ டூட்டி," என்று கோபமாகவே சொல்லிவிட்டு வைத்தேன். ஏழு மணிக்குக் கிளம்பினோம். ஒன்பதுக்குப் போட்டி. காரின் பின்னால் ஆறு பந்துகள்.

இரண்டு நாட்டுக்கும் நடுவில் ஆற்றின் மேல் பாலம். பாலம் முடிகிற இடத்தில் அமெரிக்கச் சோதனைச் சாவடி. எங்களுக்கு முன்னால் பதினான்கு கார்கள். எங்கள் முறை வந்தபோது மணி ஏழு முப்பத்தைந்து. தனா இரண்டு பாஸ்போர்ட்டையும் நீட்டினாள். பந்து உருட்டும் போட்டி என்றாள், அழைப்புக் கடிதத்தைக் காட்டினாள். அதிகாரி தலையாட்டினார். எல்லாம் முடிந்துவிட்டது. மரியாதைக்காக என் பக்கம் குனிந்து, "நீங்கள் எங்கே போகிறீர்கள் ஐயா?" என்று கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "மை டாட்டர் இஸ் கோயிங் ஃபார் டூட்டி, சார்."

"டூட்டியா? எதற்கு டூட்டி?"

சுங்க வரிக்கும் அதே சொல்தான். முப்பத்துநான்கு வருஷம் துறைமுகத்தில் இருந்தவனுக்கு, கஸ்டம்ஸ் டூட்டி என்று பத்தாயிரம் தாளில் படித்தவனுக்கு, அது அந்த நிமிஷம் ஞாபகம் வரவில்லை. அவர் கேட்டது புரியாமல், இன்னும் தெளிவாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்: "ஹெர் ஒர்க், சார். ரெகுலர் டூட்டி. எவ்ரி சாட்டர்டே."

"நைனா," என்றாள் தனா மெதுவாக.

அதிகாரி பாஸ்போர்ட்டைத் திருப்பித் தரவில்லை. காரை வலது பக்கக் கட்டடத்துக்கு ஓட்டச் சொன்னார்.

5

அந்த அறையில் பதினெட்டு நாற்காலிகள். சுவரில் கடிகாரம். யாரும் எங்களை மிரட்டவில்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு பெண் அதிகாரி, ஒவ்வொரு சனிக்கிழமையும் அமெரிக்காவில் எங்கே வேலை செய்கிறாய் என்று கேட்டாள். அனுமதி இல்லாமல் வேலை செய்வது அங்கே குற்றம். தனா பரிசுப் போட்டி என்று விளக்கினாள். வரி கட்டவேண்டிய சரக்கு என்ன கொண்டு வந்தீர்கள் என்று இன்னொருவர் கேட்டார். ஆறு பந்துகளும் மேசைக்கு வந்தன. துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தார்கள். உள்ளங்கை ஈரத்தை உறிஞ்சுவதற்கு ஆட்டக்காரர்கள் வைத்திருக்கும் வெள்ளைப் பொடிப் பை ஒன்று அகப்பட்டது. அதை முகர்ந்து பார்க்க நாய் வந்தது.

தனா கடிகாரத்தைப் பார்க்காமல் தன் கட்டைவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர்கள் போட்டி நடக்கும் இடத்துக்கே போன் செய்து கேட்டார்கள். ஐம்பத்திரண்டாவது நிமிஷம் பாஸ்போர்ட் திரும்பி வந்தது. அந்தப் பெண் வாழ்த்துக்கூடச் சொன்னாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது பதினேழு. மற்றவர்கள் ஐந்தாவது கட்டத்தில் இருந்தார்கள். வந்த இடத்திலிருந்து ஆடலாம், போனதற்குப் பூஜ்யம். பலகையில் டானா என்ற பெயருக்கு நேரே நான்கு வெற்றுக் கட்டங்கள். ஷூ மாற்றிக்கொண்டு, ஒரு பயிற்சிப் பந்துகூடப் போடாமல் கோட்டில் போய் நின்றாள்.

அன்றுதான் அவள் ஆடுவதை நேரில் முதல்முறை பார்த்தேன். நாலு எட்டு வைத்து, ஐந்தாவதில் சறுக்கி நிற்பாள். பந்து ஓரத்தை ஒட்டி ஓடும், கால்வாயில் விழப்போகிறது என்று நான் நினைக்கும்போது உள்ளே திரும்பும். ஆறு ஆட்டத்தில் இருபத்தொன்பது ஸ்ட்ரைக். இரண்டாம் ஆட்டம் முடிந்ததும் நாற்பத்தெட்டாவது இடம். நான்காவதில் இருபத்தாறு. ஆறாவது முடிந்தபோது பதினேழு. பதினாறாவது வந்தவளுக்கும் இவளுக்கும் இருபத்துமூன்று புள்ளி வித்தியாசம். அவள் அன்று ஆடிய ஆட்டத்துக்கு ஒரு கட்டம் இருபது புள்ளி பெறும். விட்டுப்போனவை நான்கு கட்டங்கள். இந்தக் கணக்கை நான் போடாமல் இருந்திருக்கலாம். என்னால் முடியாது.

திரும்பி வரும்போது பாலத்தின் நடுவில் வந்ததும் கேட்டாள்.

"நைனா, வேணும்னே சொன்னியா?"

"இல்லம்மா," என்றேன் உடனே.

"சரி."

திங்கட்கிழமை வங்கியில் கையெழுத்துப் போட்டாள்.

6

வேண்டுமென்றே சொல்லவில்லை. அது சத்தியம். ஆனால் அந்த அறையில், மணி எட்டைத் தாண்டியபோது, எனக்குள் ஒன்று நடந்தது. போகட்டும், இத்தோடு முடியட்டும், இனிமேல் இவள் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குவாள் என்று ஒரு நிம்மதி வந்தது. ஒரு நிமிஷம்கூட இருக்காது. பக்கத்தில் அவள் விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியை மறைத்துக்கொண்டு பதினொரு மாதம் அவளோடு ஒரே வீட்டில் சாப்பிட்டேன். ஒன்றாம் தேதி சம்பளம் வருகிறது. கடன் இல்லை. தனா சனி ஞாயிறு வீட்டில் இருக்கிறாள், துணி மடிக்கிறாள், சத்தமாகப் பேசுவதில்லை.

செவ்வாய்க்கிழமை படிவம் வந்தது. புதன்கிழமை சாயங்காலம் அவள் சமையலறையில் உறைந்த இறாலை உரித்துக்கொண்டிருந்தாள். காத்திவாக்கத்து இறாலுக்கு இது கால் பங்குகூடப் பெறாது என்று பேச்சை ஆரம்பித்து, அதிலிருந்து எப்படித் திரும்புவது என்று தெரியாமல், நேராகச் சொல்லிவிட்டேன். அந்த அறை, அந்த நிமிஷம், அந்த நிம்மதி.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கும்தான்," என்றாள்.

"இன்னாம்மா?"

"எனக்கும் அந்த ரூம்ல நிம்மதியாத்தான் இருந்திச்சு. காலைல இருந்து பதினாறு பதினாறுன்னு மண்டைக்குள்ள ஓடிகினே இருந்தது. அந்த ஆளு வண்டிய ஓரங்கட்டச் சொன்னதும் நின்னுபோச்சு. தோத்தாலும் நைனாவாலன்னு சொல்லிக்கலாம் இல்ல? பதினோரு மாசமா சொல்லிகினுதான் கீறேன். குமரேசன்கிட்ட சொன்னேன், பேங்க்ல சொன்னேன். கேக்கறவங்கள்லாம் ஐயோ பாவம்ன்றாங்க."

 அவள் கையைப் பார்த்தேன். வலது கட்டைவிரலின் பக்கவாட்டில் தோல் காய்த்துப்போயிருந்தது. ரூபாய் நோட்டோ டாலர் நோட்டோ எண்ணுகிறவர்களுக்கு அந்த இடத்தில் காய்க்காது. எவ்வளவோ எண்ணுகிற நான் இதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

"பேங்க் முடிஞ்சு எங்க போறே நீ?"

"செவ்வா, வியாழன் ரெண்டு மணி நேரம். நிலாவுக்குத் தெரியும். உங்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லியிருந்தேன்." இறாலைக் கழுவி வைத்தாள். "அதே போட்டி இந்த வருசம் ஒரு மாசம் முன்னாடி வருது. சனிக்கெழம. பேர் குடுத்துட்டேன்."

"நான் வந்து—"

"நீ வராத நைனா." முகத்தில் கோபம் இல்லை. "இந்த தபா தோத்தா நானே தோக்கணும். தோத்தா அங்கருந்து கெளம்பறதுக்கு முன்னாடியே போன் பண்றேன். பதினாறுக்குள்ள வந்தா சாயங்காலச் சுத்து கீது, அது முடிஞ்சாத்தான் பண்ணுவேன். அதுவரிக்கும் நீ வூட்ல இரு."

இன்று சனிக்கிழமை. படிவத்தில் பத்தொன்பதாவது கேள்வி இன்னும் காலி. ஆறே முக்காலுக்குக் கிளம்பினாள். குமரேசன் ஷிப்டில் இருக்கிறான், நிலா பக்கத்து வீட்டில் விளையாடுகிறாள். ஆறு ஆட்டமும் முடிய எப்படியும் பிற்பகல் இரண்டு மணி ஆகும். தோற்றவர்கள் இரண்டரைக்குள் பையைக் கட்டிவிடுவார்கள்.

இரண்டு இருபதுக்குப் போன் மணி அடித்தது. ரிசீவரை எடுத்ததும் தனாவா என்றேன். கம்பளம் சுத்தம் செய்கிற கம்பெனிக்காரன். மூன்று அறைக்கு ஓர் அறை இலவசம் என்றான். லைன் வேண்டும், தயவுசெய்து வைத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். இங்கே யாரும் விற்பனைக்காரனிடம் அப்படிக் கெஞ்சமாட்டார்கள் போலிருக்கிறது. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்துவிட்டு வைத்தான்.

இப்போது மூன்று பத்து. அதற்குப் பிறகு மணி அடிக்கவில்லை. அடித்துவிடக் கூடாதே என்று போனுக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன்.